தில்லைக் கோயில் வழக்கும் அடிப்படை உரிமையும்

அடிப்படை உரிமைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறீர்கள். ஏட்டில் உள்ள உரிமை எவ்வாறு கைக்கு எட்டும் பொருளாகிறது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட செய்தி. அதற்கு டில்லி வரை போகவேண்டுவதில்லை. முதுநகரில் ரயில் ஏறினால் சிறிது பொழுதில் சிதம்பரம் வந்துவிடும்.

தில்லை நடராசர் கோயிலில் பூசை புரிவதோடு அதனை நிருவகித்தும் வருபவர்கள் பொது தீட்சிதர்கள். 1951-இல் சென்னை அரசாங்கம் அக்கோயிலுக்கு நிருவாக அதிகாரி ஒருவரை நியமிக்க முற்பட்டது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது இரண்டாண்டு கூட நிறையவில்லை. தீட்சிதர்கள் உயர்நீதி மன்றத்தை அணுகினர். அரசாங்கத்தின் ஆணையே ஆயினும், அடிப்படை உரிமைக்கு முரணாயின், பேராணை பிறப்பித்து அதனை நீக்கும் அதிகாரத்தை 226-ஆம் ஷரத்து அம்மன்றத்துக்கு அளிக்கிறது. 32-ஆம் ஷரத்தோ, உச்சநீதி மன்றத்துக்கு நேரே செல்வதையே ஓர் அடிப்படை உரிமையாக்கியிருக்கிறது. நிலத்துக்குப் பத்திரம் இருந்தும் முறையிட மன்றம் இல்லையென்றால் அந்தப் பத்திரத்தால் என்ன பயன்?

1951 டிசம்பரில் உயர்நீதி மன்றம், தீட்சிதர்கள் தனியொரு சமயப் பிரிவினரே என்று கூறி அந்த ஆணையை நீக்கியது. மேல் முறையீடு சென்ற அரசாங்கம், 1954-இல் தன் அறிவிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சமயப் பிரிவினரா என்ற கேள்விக்கு ஏன் இத்தனை முதன்மை? 26-ஆம் ஷரத்து அத்தகையோருக்கே உரியது. அதில் நீங்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சமயக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமை ஒன்று. சொத்தைச் சட்டத்துக்கு உட்பட்டு நிருவகிக்கும் உரிமை மற்றொன்று. பின்னதில் அரசாங்கம் சட்டத்தால் ஒழுங்கு செய்யலாம். ஆனால் நிருவாகத்தையே அடியோடு பறித்துப் பிறரிடம் கொடுத்தல் ஆகாது. 1954-இல் சிரூர் மடத்து வழக்கில் உச்சநீதி மன்றம் வகுத்த எல்லை இது.

சிதம்பரத்து வழக்கு அத்துடன் ஓயவில்லை. 1987-இல் அறநிலைய ஆணையர் மீண்டும் நிருவாக அதிகாரியை நியமித்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2009-இல் உயர்நீதி மன்றம் அந்நியமனம் செல்லும் என்றது. 2014 ஜனவரி 6-ஆம் நாள், நீதிபதிகள் சௌகான், போப்டே இருவரும் அமர்ந்த உச்சநீதி மன்றம் அதனை மாற்றியது. அதே தரப்பினரிடையே 1951-இல் முடிந்துபோன கேள்வியை மறுபடி கிளறலாகாது என்பது தீர்ப்பின் ஒரு தூண்.

"ஊரார் அனைவரும் வழிபடும் கோயிலாயிற்றே, கணக்குக் கேட்பார் வேண்டாமா?" என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். கேட்கத்தக்க கேள்வியே, தீட்சிதர்களின் நிருவாகத்தில் குறை காண்போர் இன்றும் உளர். மன்றம் அக்கதவை அடைத்துவிடவில்லை. சீர்கேடு நேர்ந்தால் அரசாங்கம் தலையிடலாம். அதைச் சீர்செய்த பின் உரியவரிடம் திரும்ப ஒப்படைக்கவேண்டும், கால வரையின்றி வைத்துக்கொள்ளலாகாது என்றது. என் மனத்துக்கு மிகவும் பொருந்திய பகுதி இதுதான்.

அறநிலையத் துறைக்கு அதிகாரம் அளிக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, 26-ஆம் ஷரத்தின் உரிமைகளுக்கு மாறாக எந்த அதிகாரமும் கொள்ளப்படலாகாது என்று 107-ஆம் பிரிவு கூறுகிறது. கல்லூரி நூலகத்தில் அச்சட்டம் கிடைத்தால் அந்தப் பிரிவையும் எடுத்துப் படித்துப் பாருங்கள்.