வயிறு நிறைந்த பின்னும் தீராத பசி

பசி ருசி அறியாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல பசியில் பழைய சோறும் அமிர்தம்தான். அப்படியானால், இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து மாமாக் கடைக்குப் போய், முறுகலான ரொட்டி சானாயும் தே தாரிக்கும் கேட்க வைப்பது எது? வேலையிடத்தில் பட்ட அவமானமாக இருக்கலாம். வீட்டில் பேச ஆளில்லாத வெறுமையாக இருக்கலாம். வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். வயிறு கேட்காததை நாக்கு கேட்கிறது, அவ்வளவுதான்.

மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. உடலுக்கு வரும் கேட்டை மருத்துவர்கள் விளக்கிவிடுவார்கள். கிறிஸ்துவ சமயமோ அதே ஆசையைப் பார்த்து, மனிதன் உண்மையில் எதற்காகப் பசித்திருக்கிறான் என்று கேட்கிறது.

இதற்கு விவிலியத்தில் பழைய கதை ஒன்று உண்டு. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேல் மக்கள் விடுதலையாகிப் பாலைவனத்தில் நடக்கிறார்கள். தினமும் காலையில் 'மன்னா' என்ற உணவு தரையில் கிடைக்கிறது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டுமே எடுக்க வேண்டும். மறுநாளுக்கென்று பதுக்கினால் புழு வைத்துவிடும். ஓய்வுநாளுக்கு முந்திய நாள் மட்டும் இரண்டு பங்கு எடுக்கலாம். யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனாலும் அவர்கள் அழுதார்கள். எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து ஏங்கினார்கள்.

செங்கல் அறுத்ததும் மேற்பார்வையாளர்களிடம் அடி வாங்கியதும் அந்தப் புலம்பலில் இல்லை. பூண்டின் வாசம் நினைவிருக்கிறது, சவுக்கடி மறந்துவிட்டது. பிறகு அவர்கள் கேட்ட இறைச்சி வந்தது. காடைகள் முகாமைச் சுற்றிக் குவிந்தன. மக்கள் இரவும் பகலும் அள்ளினார்கள். இறைச்சி பல்லிடுக்கில் இருக்கும்போதே கொள்ளைநோய் தாக்கியது என்கிறது எண்ணாகமம். மாண்டவர்களைப் புதைத்த அந்த இடத்திற்குக் கிப்ரோத் அத்தாவா என்று பெயர். ஆசையின் கல்லறைகள் என்பது அதன் பொருள்.

இதைப் படித்துவிட்டு, கிறிஸ்துவத்தில் ருசியாகச் சாப்பிடுவது பாவமோ என்று நினைக்கத் தேவையில்லை. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தீனார், சுமார் 400ஆம் ஆண்டில் 'கன்பெஷன்ஸ்' என்ற நூலை எழுதினார். அதில் இந்த விஷயத்தை ஒளிவுமறைவின்றிப் பேசுகிறார். உணவை மருந்துபோல அளவோடு உட்கொள்ள நினைக்கிறார். ஆனால் பசியிலிருந்து நிறைவுக்குப் போகும் வழியில் இன்பம் காத்திருக்கிறது. சாப்பிடுவது உடலின் தேவைக்கா, நாக்கின் ஆசைக்கா என்று தமக்கே பல வேளைகளில் தெரிவதில்லை என்கிறார். அவர் அஞ்சியது உணவை அல்ல, ஆசையை. எலியா தீர்க்கதரிசி இறைச்சி உண்டார், அது குற்றமாகவில்லை. ஏசாவோ வெறும் பருப்புக் கூழுக்காகத் தலைமகன் உரிமையையே விற்றான். பாலைவனத்தில் சோதனைக்காரன் இயேசுவிடம் பேசியதும் விருந்தைப் பற்றியல்ல, ரொட்டியைப் பற்றித்தான். இந்த மூன்றையும் அகுஸ்தீனாரே எடுத்துக்காட்டுகிறார்.

குறைவாகச் சாப்பிடுபவருக்கும் இது பொருந்தும். ஆங்கில எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் 1942இல் வெளியிட்ட 'ஸ்க்ரூடேப் லெட்டர்ஸ்' நூலில் ஒரு மூதாட்டி வருகிறார். அவருக்குக் கொஞ்சம் தேநீரும் ஒரு சிறு துண்டு ரொட்டியும் போதும். ஆனால் அவை அவர் நினைத்த பக்குவத்தில் இருந்தே ஆக வேண்டும். அதனால் வீட்டில் உள்ளவர்களும் பணிப்பெண்களும் படாதபாடு படுகிறார்கள். தாம் உணவாசைக்கு அடிமை என்று அவருக்குத் தெரியவே தெரியாது. இப்படிப்பட்டவர்களை நம் குடும்பங்களிலும் காணலாம், வயது வித்தியாசம் இல்லாமல்!

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் நோன்பு இருப்பது இதற்கான பயிற்சி. தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் இதற்கென்றே பழைய சொற்கள் உண்டு. நாளுக்கு ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்பது 'ஒருசந்தி'. புலால் தவிர்ப்பது 'சுத்தபோசனம்'. திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருசந்தி கட்டாயம். 18 வயது நிறைந்தவர்கள் 60ஆம் வயது தொடங்கும்வரை இதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். மெதடிஸ்ட் போன்ற சபைகள் இதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகின்றன.

சட்டத்தைக் காப்பது எளிது. வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சியை ஒதுக்கிவிட்டு, பெரிய இறால் சம்பலும் பொரித்த மீனுமாக மேசையை நிரப்புகிறவர்கள் உண்டு. சட்டம் மீறப்படவில்லை, நாக்கும் ஏமாறவில்லை. உணவுப் பட்டியலை மாற்றுவதற்கு நோன்பு என்று பெயர் வைப்பதில் என்ன பயன்?

2025இல் ரமலான் மாதம் மார்ச் 2ஆம் தேதியும் தவக்காலம் 5ஆம் தேதியும் தொடங்கின. வேலை முடிந்து ரமலான் சந்தையைக் கடக்கும் கிறிஸ்துவருக்கு முர்தபாக் வாசனை மூக்கைத் துளைத்திருக்கும். அந்த நிமிடம்தான் நோன்பின் முக்கியமான நிமிடம். ஆசையைப் பல்லைக் கடித்து அடக்கினால் அது மறுநாள் இரட்டிப்பாக வரும். நின்று, இப்போது தனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டு, அதைக் கடவுளிடம் சொல்வதுதான் கிறிஸ்துவ வழக்கம். கோபம் என்றால் கோபம், தனிமை என்றால் தனிமை. ஒளிக்க வேண்டியதில்லை.

அந்த வெறுமையை எது நிரப்பும்? யோவான் நற்செய்தியில், ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் ஐயாயிரம் பேருக்கு உணவாகின்றன. மறுநாள் அதே கூட்டம் படகேறித் தேடி வருகிறது. வயிறு நிறைந்ததால்தான் வந்தீர்கள் என்று இயேசு முகத்துக்கு நேராகவே சொல்கிறார். தம்மையே வாழ்வு தரும் உணவாகக் கூறுகிறார். கேட்டவர்களில் பலர் விலகிப் போனார்கள். மீண்டும் அப்பம் கேட்டு வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

அந்த உணவு எப்படி இருக்கும் என்பதற்கு அதே நற்செய்தியில் இன்னொரு காட்சி இருக்கிறது. சீடர்கள் உணவு வாங்க ஊருக்குள் போகிறார்கள். களைத்துப்போன இயேசு, யூதர்கள் பழகாத சமாரியப் பெண் ஒருத்தியுடன் கிணற்றடியில் பேசிக்கொண்டிருக்கிறார். திரும்பி வந்தவர்கள் சாப்பிடச் சொல்கிறார்கள். தம்மை அனுப்பியவரின் விருப்பத்தைச் செய்வதே தமக்கு உணவு என்கிறார் அவர். ஒதுக்கப்பட்ட ஒருத்தியிடம் மனிதராகப் பேசியது அவருக்குச் சாப்பாடாக இருந்தது.

ஆகவேதான் நோன்பில் மிச்சமாகும் உணவு பசித்தவனுக்குப் போக வேண்டும் என்று ஏசாயா தீர்க்கதரிசி வற்புறுத்தினார். வாய் நோன்பிருக்கும்போது கண்ணும் காதும் கையும் நோன்பிருக்க வேண்டும் என்று 387இல் அந்தியோக்கியாவில் புனித ஜான் கிறிசோஸ்தம் மக்களுக்குப் போதித்தார். இறைச்சியைத் தவிர்த்துவிட்டு அண்டைவீட்டாரைப் பற்றிப் புறம் பேசுவதை அவர் நோன்பாகவே கருதவில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள், நோயாளிகள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. திருச்சபையே அதைக் கேட்பதில்லை. உடல் பருத்துவிடும் என்ற பயத்தில் உணவையே வெறுப்பவர்களுக்கும் இது ஏற்ற வழி அல்ல. அவர்களுக்கு வேண்டியது மருத்துவரின் உதவியும் அன்போடு பரிமாறும் ஒரு வீடும்தான். தொலைக்காட்சி பார்ப்பதையோ கைப்பேசியையோ அவர்கள் விட்டுப் பார்க்கலாம்.

திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்திய நாள் வரை எண்ணினால் 46 நாள் வரும். அவற்றில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. ஞாயிறு நோன்பு நாள் அல்ல. ஈஸ்டரன்று வீட்டில் கறி மணக்கலாம், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். உயிர்த்தெழுந்த இயேசுவே கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்து, இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்த சீடர்களைக் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்தார் என்று யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் சொல்கிறது.