வெயில் நம் மரபணுவை மாற்றுமா? தோல் புற்றுநோயில் சிக்கிய சூரியனின் ‘கைரேகை’!

வெயிலில் அலைந்தால் தோல் கருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே வெயில், தோல் செல்லுக்குள் இருக்கும் மரபணுவிலும் எழுத்துப் பிழைகளை உண்டாக்குகிறது. பெரும்பாலான தோல் புற்றுநோய்கள் இந்தப் பிழைகளில் இருந்துதான் தொடங்குகின்றன. அது எப்படி? கருப்பான தோல் இருந்தால் பயமே வேண்டாமா? விரிவாகப் பார்க்கலாம்.

செல்லுக்குள் என்ன நடக்குது?

அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டதுதான் டி.என்.ஏ. ஒரு செல் எப்போது வளரணும், எப்போது நிறுத்தணும் என்ற உத்தரவெல்லாம் அதில்தான் இருக்கிறது.

சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பட்டதும், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின்களோ சைட்டோசின்களோ ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. பையின் ஜிப்பில் இரண்டு பற்கள் ஒட்டிக்கொண்டால் ஜிப் நகராது இல்லையா, அந்த மாதிரிதான்.

உடனே புற்றுநோய் வந்துடுமா?

வராது. செல்லுக்குள்ளேயே ரிப்பேர் பார்க்கும் புரதங்கள் இருக்கின்றன. ஒட்டிப்போன இடத்தைச் சுற்றி சுமார் 30 எழுத்துகளை வெட்டி எடுத்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்து சரியான எழுத்துகளை நிரப்பிவிடும். இந்த ரிப்பேர் எப்படி நடக்கிறது என்று கண்டறிந்த அஸிஸ் சன்ஜார், 2015-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த ரிப்பேர் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஸீரோடெர்மா பிக்மென்டோசம்’ என்ற அரிய பரம்பரை நோய் உதாரணம். இந்த நோய் இருப்பவர்களுக்கு 20 வயதுக்குள் மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் வரும் ஆபத்து, மற்றவர்களைவிட சுமார் 10,000 மடங்கு அதிகம்.

அது என்ன ‘கைரேகை’?

ரிப்பேர் முடிவதற்குள் செல் இரண்டாகப் பிரிந்தால் பிழை நிரந்தரமாகிவிடும். சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் வந்து உட்கார்ந்துவிடும். சில இடங்களில் அடுத்தடுத்த இரண்டு சைட்டோசின்களுமே தைமின்களாக மாறிவிடும். இப்படி ஜோடியாக மாறுவதுதான் புற ஊதாக் கதிரின் தனி அடையாளம். புகையிலை உண்டாக்கும் பிழைகள் வேறு விதமாக இருக்கும்.

தோல் புற்றுக்கட்டிகளில் ‘பி53’ என்ற மரபணுவில் இந்த அடையாளம் இருப்பதை 1991-லேயே விஞ்ஞானிகள் காட்டினார்கள். 2010-ல் ஒரு மெலனோமா நோயாளியின் புற்றுசெல் டி.என்.ஏ. முழுவதையும் படித்தபோது 33,000-க்கும் மேற்பட்ட பிழைகள் கிடைத்தன. அதில் பெரும்பாலானவை சூரியனின் வேலை.

இதில் பி53 எதற்கு முக்கியம்?

பி53 ஒரு காவலாளி மாதிரி. ரொம்பவே சேதமான செல்லை ‘செத்துப்போ’ என்று சொல்லும். கடும் வெயிலுக்குப் பிறகு தோல் உரிவது இதனால்தான். காவலாளியே பழுதானால், சாக வேண்டிய செல் சாகாமல் பெருகும்.

அதற்காக ஒரு பிழை வந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. 2015-ல் வெளியான ஆய்வில், 55 முதல் 73 வயது வரையிலான 4 பேரின் கண் இமைத் தோலைப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லாத அந்தத் தோலிலேயே சுமார் கால்வாசி செல்களில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய மரபணு மாற்றம் இருந்தது. ஒரே செல்லில் இப்படிப் பல பிழைகள் சேரும்போதுதான் ஆபத்து. அதனால்தான் சின்ன வயசு வெயிலும் கணக்கில் வருகிறது.

கருப்புத் தோலுக்கு ஆபத்து இல்லையா?

குறைவு. தோலுக்கு நிறம் தரும் மெலனின், செல்லின் உட்கருவுக்கு மேல் குடை பிடித்த மாதிரி நின்று டி.என்.ஏ.வைக் காக்கிறது. வெள்ளைத் தோல் கொண்டவர்கள் அதிகம் வாழும் ஆஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் மிக அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இங்கேதான் கவனம் தேவை. கருப்பான தோல் உள்ளவர்களுக்கு வரும் மெலனோமா, பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான் வருகிறது. வெயில் அதிகம் படாத இந்த இடங்களில் வரும் கட்டிகளில் பெரும்பாலும் சூரியனின் கைரேகை முக்கியமாக இருப்பதில்லை. பாடகர் பாப் மார்லி 36 வயதில் இறந்தது, கால் விரல் நகத்துக்கு அடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். ‘நமக்கெல்லாம் வராது’ என்று விட்டுவிடுவதால், இது தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது.

என்ன செய்யணும்?

* உச்சி வெயிலில் நிழல், குடை, தொப்பி, முழுக்கை சட்டை அவசியம்.
* சூடு வேறு, புற ஊதா வேறு. குளுகுளு மலைப்பகுதியிலும் மேகமூட்டத்திலும் புற ஊதாக் கதிர் வரும். வானிலை செயலியில் ‘யு.வி. இண்டெக்ஸ்’ 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு தேவை.
* குளிக்கும்போது உள்ளங்காலையும் நகங்களையும் ஒரு முறை பாருங்கள்.
* மச்சத்தின் அளவு, நிறம், ஓரம் மாறினாலோ, நகத்தில் புதிதாகக் கருப்புக் கோடு வந்தாலோ, புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தாலோ, தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.