விண்கப்பல் மாடலுக்கு எக்ஸெல் எதற்கு?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெலைத் திறந்து பார்த்துவிட்டு, "நமக்கென்ன கணக்கு வழக்கு இருக்கிறது?" என்று மூடிவிடுபவர்கள் அதிகம். வாலாஜாபாத்தில் என் வீட்டில் எக்ஸெலும் பிரிண்டரும் விண்கப்பல் மாடல் செய்வதற்குத்தான் அதிகம் பயன்படுகின்றன. எப்படி என்று பார்ப்போம்.

மாடல் கிட் பெட்டியைத் திறந்தால் பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கிளை கிளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரிலிருந்து ஒரகடம் பக்கம் கார் பாகக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் காட்டினால், அந்தச் சட்டத்தை "ரன்னர்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் அதே இன்ஜெக்ஷன் மோல்டிங் முறைதான். பாகத்தைச் சற்றுத் தள்ளி வெட்டி எடுத்து, மீதியை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஒட்டுவது சுலபம். உள்ளங்கையில் அடங்கும் பொருளைப் பெரிய கப்பலாகத் தோன்ற வைப்பதுதான் கஷ்டம்.

1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் எண்டர்பிரைஸ் கப்பலை எடுத்துக்கொள்வோம். கதைப்படி அதன் நீளம் 289 மீட்டர். படப்பிடிப்புக்குச் செய்த பெரிய மாடல் 11 அடிதான். அது இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. (அதன் இடது பக்கத்தில் ஒயர்கள் வெளியே வருவதால் அந்தப் பக்கத்தை முழுமையாகச் செய்யவேயில்லை. கேமரா பார்க்காத இடத்துக்கு எதற்கு வீண் வேலை!)

எக்ஸெலில் A2 கட்டத்தில் 289 என்றும், C1 கட்டத்தில் ஸ்கேல் எண்ணான 650 என்றும் டைப் செய்யுங்கள். B2-வில் =A2*1000/$C$1 என்று கொடுத்து என்டர் தட்டினால் 444.6 என்று வரும். 1/650 கிட்டின் நீளம் இத்தனை மில்லிமீட்டர். C1-ஐ 1000 என்று மாற்றினால் 289 மி.மீ. ஆகிவிடும். A3-இல் மனிதனின் உயரமான 1.7-ஐக் கொடுத்து ஃபார்முலாவைக் கீழே இழுங்கள். 1.7 மி.மீ., அதாவது ஒரு கடுகு அளவு!

இப்போது திருப்பி யோசியுங்கள். 1/1000 மாடலில் பாகங்கள் சேரும் இடத்தில் அரை மி.மீ. இடைவெளி விட்டால், நிஜக் கப்பலில் அது அரை மீட்டர் பள்ளம். அதனால் பட்டி வைத்து நிரப்பித் தேய்த்தே ஆக வேண்டும். தகடுகளின் கோடுகளைக் கறுப்பு மையால் பட்டையாக வரைபவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கப்பல் பொம்மையாகிவிடும். மெல்லிய சாம்பல் நிறம் போதும். டூவீலர் பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரை மட்டும் கிட்டில் தடவாதீர்கள், பிளாஸ்டிக் கரையும்.

அடுத்தது கப்பலின் மேல் உள்ள எழுத்துக்கள். 'என்சிசி-1701' என்ற எண் 3 மி.மீ. உயரம் வேண்டுமானால் வேர்டில் எத்தனை பாயின்ட் வைப்பது? ஒரு பாயின்ட் என்பது 0.353 மி.மீ. ஆங்கிலப் பெரிய எழுத்து அதில் சுமார் பத்தில் ஏழு பங்கு உயரம்தான் இருக்கும். எனவே 12 பாயின்ட். இதை டீகால் பேப்பரில் அச்சிட்டு, தண்ணீரில் நனைத்து மாடலுக்கு நகர்த்த வேண்டும். டீகால் பேப்பர் விலை அதிகம். முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, வெட்டி, மாடல் மேல் வைத்துப் பாருங்கள்.

பி.டி.எஃப். ஃபைலிலிருந்து அச்சிடும்போது பிரிண்ட் விண்டோவில் 'ஃபிட்' என்பதை விட்டுவிட்டு 'ஆக்சுவல் சைஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். அமெரிக்க லெட்டர் தாள் 216 மி.மீ. அகலம், நம் ஏ4 210 மி.மீ. 'ஃபிட்' கொடுத்தால் எல்லாம் மூன்று சதவீதம் சுருங்கிவிடும்.

சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. கறுப்புக் கப்பலில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் வெள்ளை டீகால் பேப்பரில் எழுத்தைச் சுற்றிக் கறுப்பை நிரப்பி அச்சிடுங்கள். இன்க்ஜெட் மை தண்ணீரில் கரையும் என்பதால், அச்சிட்ட பிறகு கிளியர் வார்னிஷ் ஸ்ப்ரே செய்து, நன்கு காய்ந்த பின்பே நனைக்க வேண்டும். ஐப்பசி மழை நாளில் ஸ்ப்ரே வேண்டாம். ஈரக் காற்றில் வார்னிஷ் வெளுத்துப்போகும்.