பறக்கும் தட்டு: வானிலும் தரையிலும்

பறக்கும் தட்டு என்றதும் வேற்றுக் கிரகவாசிகளே பலருடைய நினைவுக்கு வருவர். அவர்கள் வந்தனரா என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கப் போவதில்லை. அவ்வடிவில் ஓர் ஊர்தியை மனிதரே அமைத்துப் பார்த்தனர். அது ஏன் பறக்கவில்லை என்பதே இங்குச் சொல்லவிருக்கும் செய்தி.

முதலில் பெயர் பிறந்த கதை. 1947-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் மலையருகே தம் சிறு விமானத்தைச் செலுத்திச் சென்ற கென்னத் அர்னால்டு என்பவர், ஒளிர்ந்து விரைந்த ஒன்பது பொருள்களைக் கண்டதாகக் கூறினார். சிறுவர் குளத்தில் வீசும் ஓட்டாஞ்சில்லு நீரைத் தொட்டுத் தொட்டுத் துள்ளிச் செல்லுமன்றோ? அத்தகைய போக்கையே, நீரில் எறிந்த தட்டு என்னும் உவமையால் அவர் விளக்க முயன்றார். போக்குக்குச் சொன்னதைப் பத்திரிகைகள் வடிவத்துக்கு ஏற்றிவிட்டன என்று பின்னர் அவரே கூறினார். ஆயினும் சொல் நிலைத்துவிட்டது. திரைப்படத்தாரும் சித்திரக்காரரும் அதற்கு உருவம் கொடுத்தனர்.

விமானப் பொறியியலாருக்கோ வட்ட வடிவில் வேறு நோக்கம் இருந்தது. போர் மூண்டால் நீண்ட ஓடுபாதைகளே முதலில் தகர்க்கப்படும். ஆகவே நின்ற இடத்திலிருந்தே மேலெழும் விமானம் வேண்டும் என்று இராணுவத்தார் விரும்பினர். கனடாவில் டொராண்டோ நகருக்கருகே இயங்கிய அவ்ரோ கனடா நிறுவனத்தில் ஜான் ஃப்ராஸ்ட் என்ற பொறியியலார், அமெரிக்க இராணுவத்தின் பொருளுதவியுடன் அவ்ரோகார் என்னும் தட்டை உருவாக்கினார். அந்நிறுவனத்தின் நிலை அப்போது நன்றாக இல்லை. 1959 பிப்ரவரி 20 அன்று அதன் ஏரோ போர்விமானத் திட்டத்தைக் கனடா அரசு கைவிட்டதால், 14,000-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். எஞ்சியவர்களின் நம்பிக்கைகளுள் இத்தட்டும் ஒன்று.

அதன் குறுக்களவு 18 அடி, இருவர் அமரலாம். மூன்று ஜெட் எஞ்சின்கள் கக்கும் வாயு, நடுவிலிருந்த 5 அடி விசிறியைச் சுழற்றும். விசிறி மேலிருந்து இழுக்கும் காற்று, உட்குழாய்கள் வழியே விளிம்பெங்கும் பரவிக் கீழ்நோக்கிப் பாயும். தரையருகே இக்காற்று ஒரு வட்டத் திரையாக நின்று, ஊர்தியைத் தாங்கும் மெத்தையொன்றை அமைக்கும். மணிக்கு 300 மைல் செல்லும் என்று கணக்கிட்டனர்.

1959 நவம்பர் 12 அன்று, கட்டுக்கயிறின்றி அது முதன்முறை எழுந்தது. குறை விரைவில் வெளிப்பட்டது. ஏறத்தாழ 3 அடிக்கு மேலே சென்றதும் காற்றுமெத்தை குலைந்தது. அடுக்களையில் கைதவறிய தாம்பாளம் சுழன்று தள்ளாடுவதுபோல ஊர்தி ஆடத் தொடங்கியது. முன்னோக்கி விரைந்தாலோ, காற்றின் தாங்குவிசை எடைமையத்துக்கு முன்னே சென்று மூக்கை மேலே தூக்கியது. சாதாரண விமானத்தில் இதை அடக்குவது வால். வட்டத் தட்டுக்கு வால் ஏது? பின்னர் வால் பொருத்தியும் பார்த்தனர், பயனில்லை. எட்டிய வேகம் மணிக்கு 35 மைல் மட்டுமே. 1961 டிசம்பரில் திட்டம் முடிவுற்றது. காற்றுமெத்தையை விட்டு எழ எண்ணாத பிரிட்டிஷ் ஹோவர்கிராப்ட் ஒன்று, 1959 ஜூலை 25 அன்றே ஆங்கிலக் கால்வாயைக் கடந்துவிட்டது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

பறக்க வேண்டாத இடத்தில் இவ்வடிவம் ஓரளவு பயன்பட்டது. பின்லாந்தின் கட்டடக் கலைஞர் மாட்டி சூரோனென், 1968-இல் ஃப்யூச்சூரோ என்னும் வீட்டைப் பனிச்சறுக்கு விளையாடுவோர்க்காக வடிவமைத்தார். கண்ணாடி இழையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கூடு. குறுக்களவு 8 மீட்டர். இரும்புக் கால்களின்மேல் நிற்பது. பகுதி பகுதியாகக் கொணர்ந்து மலைச்சரிவிலும் பூட்டிவிடலாம். சில வீடுகளை ஹெலிகாப்டரிலேயே தொங்கவிட்டுக் கொண்டுசென்றனர். அவ்ரோகார் ஒருநாளும் காணாத உயரம் அது! 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் பிளாஸ்டிக்கின் விலையும் ஏறியது. நூறுக்கும் குறைவான வீடுகளோடு அவ்வுற்பத்தி நின்றுபோயிற்று.