யானைக்கொடி பறந்த பள்ளிகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கனடாவின் டொராண்டோ நகரத் தெருக்களில் கார்கள் பெருகின. பள்ளிப் பிள்ளைகள் அடிபடுவதும் பெருகியது. மேயர் ராபர்ட் சாண்டர்ஸ், காவல்துறை, 'டெலிகிராம்' நாளிதழ் எல்லாம் சேர்ந்து 1947இல் ஒரு யானையைக் களமிறக்கினார்கள். பெயர் எல்மர். யானை எதையும் மறக்காது, பிள்ளைகளும் மறக்கக் கூடாது என்பது யோசனை. டிஸ்னியில் வேலை பார்த்திருந்த சார்லஸ் தோர்சன் அதை வரைந்தார்.

எல்மரின் விதிகள் ஆறு. இரு பக்கமும் பார்த்துக் கட, ஓடாமல் நடந்து கட, நிற்கிற கார்களுக்கு நடுவே விளையாடாதே என்று போகும். நடைபாதை இல்லாவிட்டால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நட என்பதும் ஒன்று. (அங்கே அது இடது ஓரம், நம் ஊரில் வலது ஓரம்.)

விபத்தில்லாமல் 30 நாள் கழித்த பள்ளிக்கு எல்மர் படம் போட்ட கொடி கிடைக்கும். மாணவர் யாராவது விதியை மீறி அடிபட்டால் கொடி இறங்கிவிடும். 1948இல் பிள்ளைகள் சிக்கிய விபத்துகள் 44 சதவீதம் குறைந்தன. வண்டிகள் கூடியிருந்தும் குறைந்தன. எல்மர் கனடா முழுக்கப் போனார். பின்னாளில் சீட் பெல்ட்டுக்காக ஏழாவது விதியும் சேர்ந்தது.

எத்தனையோ உயிரைக் காத்த யானை அது. ஆனாலும் அந்தக் கொடி என்னை உறுத்துகிறது. மாவுக்கட்டோடு வகுப்புக்குத் திரும்பிய பிள்ளையை, கொடியை இறக்கியவன் என்றுதானே மற்றவர்கள் பார்த்திருப்பார்கள்? ஆறு விதிகளில் ஒன்றுகூட ஓட்டுநருக்குச் சொல்லப்படவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு, வரும் காரின் வேகத்தைக் கணிக்கத் தெரியாது. எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் தெரியாது.

2016இல் டொராண்டோ, சாலை மரணங்களை ஒழிக்கும் 'விஷன் ஜீரோ' திட்டத்தைக் கையில் எடுத்தபோது பொறுப்பு சாலைக்கும் ஓட்டுபவருக்கும் மாறியது. பள்ளிப் பகுதிகளில் வேகவரம்பு குறைந்தது. 2020 முதல் வேகக் கேமராக்கள் அபராதம் விதித்தன. கேமரா வைத்த பள்ளிப் பகுதிகளில் வேகமீறல் 45 சதவீதம் குறைந்ததாக அந்நகரின் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2025இல் கண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில், வசூலுக்காக வைத்தவை என்று சொல்லி டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் அரசு கேமராக்களைத் தடை செய்துவிட்டது.

பதிலுக்கு வேகத்தடை, பெரிய எச்சரிக்கைப் பலகை எல்லாம் வைக்கப் பணம் தருகிறார்களாம். பலகையைப் பார்த்தும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவர்கள் உண்டு. வேகத்தடையை முதலில் போடட்டும்.