தொலைபேசி ஊமையானால்...



ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்கு மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இல்லை. நடுநிசியில் பிள்ளைக்கு வலிப்பு கண்டாலும், செம்பனைக் காட்டில் ஒருவரைப் பாம்பு தீண்டினாலும் 999-ஐ அழைத்தாக வேண்டும். கைத்தொலைபேசிக்கு அலை எட்டாத லயங்களும் உண்டு. ஆகவே, வீட்டுத் தொலைபேசி ஊமையானால் பழுது எங்கே என்று கண்டறிய நாம் பழகிக்கொள்வது நல்லது.

செப்புக் கம்பித் தொலைபேசிக்கு இரண்டே கம்பிகள்தாம். அவற்றின் வழியே தொலைபேசி நிலையத்திலிருந்து சுமார் 48 வோல்ட் மின்சாரம் வருகிறது. நாம் ஒலிவாங்கியை எடுத்ததும் மின்சுற்று கூடி, 'ஊம்' என்ற ஓசை கேட்கிறது. மணி அடிக்கும்போது மின்னழுத்தம் 75 வோல்ட்டுக்கும் மேல் ஏறும். எனவே வெறுங்கம்பியைத் தொடக்கூடாது.

ஓசை கேட்கவில்லையா? முதலில் வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளையும் மோடத்தையும் கழற்றிவிடுவோம். சில நிமிடங்கள் பொறுத்து, நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு தொலைபேசியை, வெளிக்கம்பி வந்து சேரும் முதல் சாக்கெட்டில் மாட்டுவோம். அங்கும் ஓசை இல்லையென்றால் பழுது பெரும்பாலும் வெளியே இருக்கிறது. ஓசை வந்தால் பழுது வீட்டுக்குள் என்று பொருள். பிறகு கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். எதை மாட்டியதும் ஓசை நிற்கிறதோ, அந்தக் கருவியோ அதற்குப் போகும் ஒயரோதான் குற்றவாளி.

பேசும்போது 'கரகர'வென்று இரைந்தால், இணைப்பில் ஈரமோ பச்சைக் களிம்போ ஏறியிருக்கலாம். மழையில் இரைச்சல் கூடினால் இந்த ஐயம் வலுக்கும். எலி கடித்த இடம், எறும்பு புகுந்த பெட்டி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். விடாமல் ரீங்காரம் கேட்டால், தொலைபேசி ஒயர் மின்சார ஒயரை ஒட்டிப் போகிறதா என்று கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் செலுத்துவது ஆபத்து.

2010-இல் நம் நாட்டில் யூனிஃபை சேவை தொடங்கியது. அதில் செப்புக்குப் பதில் கண்ணாடி இழை. மின்சாரத்துக்குப் பதில் ஒளி. அந்த இழையை மடித்தால் ஒளி தடைப்படும். இழைப்பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னினால், ஒளி வரவில்லை என்று அறியலாம். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. செப்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையமே மின்சாரம் கொடுத்ததால், வீட்டில் விளக்கு அணைந்தாலும் பேச முடிந்தது. இழைப்பெட்டிக்கோ வீட்டு மின்சாரம் வேண்டும். அது போனால் தொலைபேசியும் போகும். நோயாளி உள்ள வீட்டில் இழைப்பெட்டிக்கு ஒரு மின்கலத் துணைக்கருவி வைத்திருப்பது பாதுகாப்பு.

இடி இடிக்கும்போது ஒயர் உள்ள தொலைபேசியில் பேச வேண்டாம். வானம் கறுக்கும்போதே மோடத்தின் மின் பிளக்கையும் தொலைபேசி ஒயரையும் கழற்றிவிட வேண்டும். இடி தொடங்கியபின் அவற்றைத் தொடக்கூடாது.

தூணில் ஏறுவதும் அறுந்து விழுந்த கம்பியைத் தொடுவதும் நம் வேலையல்ல. அது மின்சாரக் கம்பியாகவும் இருக்கலாம். டெலிகோம் மலேசியாவின் 100 என்ற எண்ணுக்குப் புகார் செய்வோம். "முதல் சாக்கெட்டிலும் ஓசை இல்லை, மழைக்குப் பின் இப்படி ஆயிற்று" என்று தெளிவாகச் சொன்னால், வருபவர் பழுதைத் தேடும் நேரம் குறையும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுவது போல, அவசரம் வருமுன் தொலைபேசியைச் சோதித்து வைப்போம்.