பாலியல் சுரண்டலுக்கு உள்ளான சிறாருக்கு மருத்துவ உதவி

ஐக்கிய அரபு அமீரகத்தின் ‘வதீமா சட்டம்’ (2016) 18 வயது நிறையாத ஒவ்வொருவரையும் பாலியல் சுரண்டலிலிருந்து பாதுகாக்கிறது. குடிமக்கள், வெளிநாட்டவர் என்ற வேறுபாடு இதில் இல்லை.

காலம் தாழ்த்தலாகாது

குடும்ப மானம் கருதி மௌனம் காக்கும் நாட்களில் சிகிச்சைக்குரிய காலமும் கடந்துவிடுகிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள்ளும், அவசரக் கருத்தடை மாத்திரையை 5 நாட்களுக்குள்ளும் தொடங்க வேண்டும். இரண்டும் எவ்வளவு விரைவாகத் தொடங்கப்படுகின்றனவோ அவ்வளவு பயன் தரும். இயன்றால் பரிசோதனைக்கு முன் குளிக்காமலும் உடையைத் துவைக்காமலும் இருத்தல் நலம், அவை சான்றுகளாகும். காலம் கடந்திருப்பினும் நோய்ப் பரிசோதனை, தடுப்பூசி, மனநல ஆலோசனை ஆகியவை பயன் தரும்.

அச்சம் வேண்டாம்

மருத்துவர்களும் ஆசிரியர்களும் இத்தகைய கொடுமையை அறிந்தால் உரிய அலுவலகத்திற்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. தகவல் அளிப்பவரின் பெயர் வெளியிடப்படாது. விசா காலாவதி, கடவுச்சீட்டு கையில் இல்லாமை ஆகியவற்றை எண்ணி அவசர சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தொடர்பு எண்கள்

காவல்துறை: 999
ஆம்புலன்ஸ்: 998
உள்துறை அமைச்சகத்தின் சிறார் பாதுகாப்பு மையம்: 116111
துபாய் மகளிர் மற்றும் குழந்தைகள் அறக்கட்டளை: 800111
ஈவா காப்பகம், அபுதாபி: 8007283

குழந்தை சொல்வதை நம்புங்கள். குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். குற்றம் இழைத்தவர் உறவினராயினும் வேலை கொடுத்தவராயினும், பழி குழந்தையுடையதன்று. மொழி தடையாக இருப்பின், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென மருத்துவமனையில் கேளுங்கள்; குழந்தையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.